தப்பாக எழுத வேண்டிய பரீட்சை

ஜூலையில் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சி முகாமுக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரு பரீட்சை உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். திரையில் சில சொற்கள் வந்து மறையும். எதெது வந்தது என்று பிறகு கேட்கும். ஆட்டத்தில் மண்டையில் அடி வாங்கினால் அதே பரீட்சையை மறுபடியும் வைப்பார்கள். இரண்டு மார்க்கும் ஒத்துப்போனால் மைதானம், குறைந்தால் பெஞ்சு. எங்களைப் போல ஊர் ஊராக அணி மாறிப் பிழைக்கிறவனுக்குப் பெஞ்சு என்றால் வீடு என்று அர்த்தம். அதனால் ஜூலையிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாக எழுதி வைத்துவிடுவோம். அப்புறம் எத்தனை அடி வாங்கினாலும் மார்க் குறைய இடமிருக்காது. அயோக்கியத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மண்டையால் முட்டிச் சம்பாதிக்கிறவனுக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

இந்த வித்தையில் கார்ட்ரெல் ஹேஸை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்திரண்டு வயது, இது ஏழாவது அணி. பந்தைப் பிடிக்க ஓடுகிற எதிராளியை ஒட்டிக்கொண்டே ஓடி, அவன் கையில் பந்து விழுந்த நொடியில் இடித்துச் சாய்ப்பது எங்கள் இருவருக்கும் தொழில். ஒஹையோவில் ஒன்றாக ஆடியபோது, எங்கே தப்பாக அழுத்த வேண்டும், சந்தேகம் வராமலிருக்க எங்கே ஒன்றிரண்டு சரியாக விட வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்த புண்ணியவான் அவன்தான். இப்போது விஸ்கான்சினில் மறுபடியும் ஒரே அறை, கால் நீட்ட முடியாத கல்லூரி விடுதிக் கட்டில்கள்.

இந்த வருடம் புது டாக்டர். ஓஸ்டர்மன் என்று ஒரு பெண்மணி, சிரித்தால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல ஒரு முகம். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "நடிச்சு எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும். பேர் நேரா கோச்கிட்ட போகும்."

மறுநாள் காலைச் சாப்பாட்டில் ஹேஸ் ஒரே குஷியில் இருந்தான். "இந்த வருஷம் நெஜமாவே எழுதப்போறேன்டா வென்டெல். அந்தம்மா மயக்கம் போட்டு விழப்போவுது."

"உனக்கு மூளை இருக்குன்னு காட்ட இத்தனை வருஷமா?"

"பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன். தேய்ஞ்சிடக் கூடாதுல்ல."

சிரித்தபடியே முட்டைமேல் மிளகாய் சாஸை ஊற்றினான். ஏற்கெனவே இரண்டு தடவை ஊற்றியிருந்தான். கிண்டல் செய்யலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அவன் எழுதும்போது நான் வெளி பெஞ்சில் மணிக்கட்டுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் கேட்டது. "மிஸ்டர் ஹேஸ், உங்க பழைய அணிகள்லேருந்து மார்க்கெல்லாம் வரவழைச்சிருக்கேன். இதுவும் அப்படியே அதேதான். நடிச்சது போதும், ஒழுங்கா எழுதுங்க."

அவன் மறுபடியும் எழுதினான். எட்டிப் பார்த்தேன். ஏசி ஓடுகிற அறையில் கழுத்தெல்லாம் வியர்வை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"இது அதைவிட மோசம்" என்றார் டாக்டர். "என்னை என்னன்னு நெனச்சீங்க?"

சொன்னபடியே கோச்சைக் கூப்பிட்டார். கோச் வந்து மார்க்கைப் பார்த்துவிட்டு ஹேஸின் முதுகில் ஓங்கித் தட்டினார். "கெழட்டு நரி. முழு மார்க் வாங்கினாத்தான் நான் பயந்திருப்பேன். மொதல் மார்க்கையே போட்டுக்குங்க டாக்டர், பயிற்சிக்கு இவன் வேணும்."

ஹேஸும் சிரித்தான். "மாட்டிக்கிட்டேன் கோச். பழக்கதோஷம்."

வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நான் நடிக்கலடா."

"தெரியும். பாத்தேன்."

"ஒவ்வொரு வார்த்தையா வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நிக்கவே மாட்டேங்குது."

"போய் அந்தம்மாகிட்ட சொல்லித் தொலை. இப்பவே போ."

"சொன்னா எட்டாவது அணின்னு ஒண்ணு இருக்குமா? இந்த அணியே இருக்காது. நீ வாயை மூடிக்கிட்டுக் கெட."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அந்த மண்டையில் இன்னொரு அடியா என்று கை நின்றுவிட்டது.

மதியம் மைதானத்தில் நல்ல புழுக்கம். பின்வரிசையில் யார் யாரைப் பிடிப்பது என்று குரல் கொடுப்பது ஹேஸின் பொறுப்பு. இந்த அணியில் அதற்கு நிறங்களின் பெயர்கள். ஒஹையோவில் பறவைகள். எதிர்வரிசை நகர்ந்ததும் ஹேஸ் கையை உயர்த்தித் தொண்டை கிழியக் கத்தினான்.

"பருந்து! பருந்து!"

மற்றவர்கள் திருதிருவென்று விழித்தபடி நின்றார்கள். ஒஹையோவில் ஆடியவன் நான் ஒருவன்தான். என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னால் ஓடிவிட்டன, ஒஹையோவில் ஓடியதைப் போலவே. காலியாக விட்ட இடத்தில் பந்தைப் பிடித்து ஒருவன் நடந்தே எல்லைக் கோட்டைத் தாண்டினான். இளசுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணன் பறவை பாக்கக் கெளம்பிட்டாருடா" என்றான் ஒருவன். ஹேஸ் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை என் முறை.

"நீங்களாவது நடிக்காம எழுதுவீங்களா, மிஸ்டர் வென்டெல் ப்ரூ?"

"எழுதறேன் டாக்டர்."

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். சொற்கள் வந்தன, போயின. பிறகு முதல் கேள்வி வந்தது. 'பாலம்' என்ற சொல்லைப் பார்த்தீர்களா? பார்த்தேன். பார்த்ததாகத்தான் தோன்றியது. கொஞ்ச நேரம் விரல் அப்படியே நின்றது. உண்மையாக எழுதி, ஹேஸைப் போல நானும் முன்பு நடித்து வாங்கிய அதே மார்க்கையே வாங்கிவிட்டால்?

'இல்லை' என்பதை அழுத்தினேன்.