ஒன்பதாவது தகடு

பத்தரை மணிக்கு இன்ஜினின் இடது பாதுகாப்பு வால்வு ஊதியது. நீராவி செங்குத்தாக மேலே போனது. ஷெட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

விசாலாக்ஷி வலது வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நீராவி ரயில் இன்ஜின் பத்தொன்பது வருஷம் டெல்லியில் ஒரு ரயில்வே ஆபீஸ் தோட்டத்தில், பக்கப் பாதையின் முனையில் நின்றிருந்தது. புகைபோக்கிக்குள் அரசங்கன்று முளைத்திருந்தது. இழுத்து வந்து பதினாலு மாதம் வேலை பார்த்தார்கள். பொறுப்பு அவளுடையது. இன்று விருந்தினர்கள் முன்னால் இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் திரும்பத் தோட்டத்துக்கே என்று மேலிடம் எழுத்தில் சொல்லிவிட்டது. அக்டோபர் கடைசி. காற்று கெட ஆரம்பித்திருந்தது. நிலக்கரி எரிக்க இன்று ஒரு நாளைக்குத்தான் அனுமதி.

"இன்னும் கரி போடுங்க," என்றாள்.

அருள்ராஜ் போட்டான். நாகர்கோவில்காரன், ஷெட்டின் மூத்த ஃபிட்டர். இடது வால்வு ஊதிக்கொண்டிருக்கும்போதே அழுத்தமானியின் முள் மேலே ஏறியது. வலது வால்வு திறக்க வேண்டிய அளவைத் தாண்டியது. அது திறக்கவில்லை.

"போதும். தண்ணி விடுங்க."

முள் இறங்கியது.

செப்டம்பரில் பாய்லருக்குத் தண்ணீர் அழுத்தச் சோதனை நடந்தது. அதற்காக ஒவ்வொரு வாயையும் இரும்புத் தகடு செருகி அடைத்தார்கள். ஒன்பது தகடுகள். வால்வுக்கு அடியில் செருகியது வெளியே தெரியாது. மறந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். சோதனை முடிந்த மறுநாள் விஸ்வகர்மா பூஜை. லேத், கிரேன், இன்ஜின், ஸ்பானர் பெட்டி எல்லாவற்றுக்கும் சிவப்புத் துணி கட்டினார்கள். ஸ்டோரிலிருந்த அதே துணி. அடுத்த நாள் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். பூஜைத் துணி எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னவள் விசாலாக்ஷி.

"தகட்டுப் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

பெட்டியில் எட்டு இருந்தன.

"ஒம்பதாவத டீக்கடைக்காரன் மூடியா வச்சிருப்பான் மேடம்," என்றான் அருள்ராஜ். "போன மாசம் சுத்தியலைக் காணும்னு தேடினோம்லா. அவன் இஞ்சி நசுக்கிட்டு இருந்தான்."

"இருக்கலாம்."

"போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"அங்க இருந்தாலும் அந்த வால்வு ஊதலையே."

ராமச்சந்திரன் வேகமாக வந்தார். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த அதிகாரி. கோட்டில் ரோஜா குத்தியிருந்தார்.

"ஜல்தி, விசாலாக்ஷி. மந்திரி கார் கேட்டண்டை வந்தாச்சு."

வலது வால்வு திறக்கவில்லை என்று அவள் சொன்னாள்.

"ஒண்ணு ஊதறதே, போறாதா? ரெண்டு கிலோமீட்டர்தானே."

"அது சிக்கிக்கிட்டா இது வேணும் சார். இது இல்ல."

"ஆறவச்சுப் பிரிக்க எத்தனை நாழி ஆகும்?"

"ரெண்டு நாள்."

அவர் ரோஜாவைத் தொட்டுப் பார்த்தார். "பெயிண்ட் அடிக்க வந்தவன் துணியை அவிழ்த்துட்டான்னு எழுதிடலாம்."

"நான் சொல்லித்தான் அவிழ்த்தான்."

"அதை யார் கேக்கப் போறா?"

விசாலாக்ஷி திரும்பி நடந்தாள். இன்ஜினில் ஏறினாள். இடது வால்வு அடங்கியிருந்தது. அருள்ராஜ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"பெரியவங்க எல்லாம் வந்து நிக்காவ மேடம்."

"தெரியும். நெருப்பை இறக்குங்க."

அவன் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அடுப்பின் அடித்தட்டியை அசைத்தான். கங்குகள் சாம்பல் குழியில் விழுந்தன. தண்ணீர் ஊற்றியதும் எழுந்த புகை விருந்தினர்களுக்குப் போட்ட ஷாமியானா வரை போனது. மந்திரி காரிலிருந்து இறங்கவில்லை. முன்னூறு சமோசாவை ஷெட் ஆட்கள் இரண்டு நாள் தின்றார்கள்.

மூன்றாம் நாள் வலது வால்வைக் கழற்றினார்கள். தகடு இருந்தது. விசாலாக்ஷி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. இன்ஜினைத் தோட்டத்துக்கு இழுத்துப் போக டீசல் இன்ஜின் ஒதுக்கி உத்தரவு வந்தது. அதன் அடியில் அவள் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள்: 'இழுக்க வேண்டாம். தானாகவே போகும்.'

ராமச்சந்திரன் அந்தக் காகிதத்தைக் காற்று தெளியும்வரை வைத்திருந்தார். மார்ச்சில் கையெழுத்திட்டார்.

அதற்குள் அவள் ஒன்பது தகடுகளுக்கும் ஒரு முழ நீளத்துக்கு இரும்பு வால் பற்றவைக்கச் சொல்லியிருந்தாள். இனி எங்கே செருகினாலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புறப்படும் முன் பெட்டியைத் திறந்து எண்ணினாள். ஒன்பது.

இடது வால்வு ஊதியது. கொஞ்சம் கழித்து வலதும் ஊதியது. கை தட்ட யாருமில்லை. அருள்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சமோசா இல்லாமப் போச்சே மேடம்," என்றான்.

தோட்டம் வரையிலான இரண்டு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரு லெவல் கிராசிங்கில் பைக்கில் நின்றவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். தோட்டத்துக்குள், பழைய இடத்தில், அவள் பிரேக் போட்டாள். நெருப்பை இறக்கினார்கள். பாய்லர் ஆறக் காத்திருந்து, மறுநாள் மதியம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அப்போதும் அது வெதுவெதுப்பாக இருந்தது.

தோட்டக்காரர் ஓடி வந்தார். ரோஜாச் செடிப் பக்கம் விடாதீர்கள் என்று இந்தியில் கத்தினார்.

"அச்சா, பையா," என்று அவளும் இந்தியில் சொன்னாள். குழாயை மறுபக்கம் திருப்பிவிட்டாள்.