கிட்டுவின் பத்தியம்

காலை ஆறு நாற்பதுக்குக் கிட்டுப் பூனை மூன்றாம் முறையாக மணல் தட்டில் ஏறியது. குந்தியது. காத்திருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. இறங்கிப் போய்த் தரையில் படுத்து, பத்ரிநாத்தைப் பார்த்து ஒருமுறை கத்தியது. தூரத்து வீட்டில் யாரோ பழைய கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது.

"மறுபடியுமா?" என்றாள் சாவித்ரி. கேட்கும்போதே கூடையை எடுத்துவிட்டாள்.

ஆறு வாரம் முன்பும் இப்படித்தான். சிறுநீரில் படிகங்கள் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆண் பூனைக்குக் குழாய் மெல்லியது, ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் தங்காது என்று டாக்டர் வைஷாலி சொன்னார். அடைப்பை எடுத்துவிட்டுப் பத்தியம் எழுதிக் கொடுத்தார். படிகங்களைக் கரைக்கிற டின் உணவு. அது மட்டும். நிறையத் தண்ணீர்.

சாவித்ரி அதை விரதமாக நடத்தினாள். டின்னைத் தராசில் நிறுத்தாள், வெந்நீர் விட்டுக் குழைத்தாள், அறைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். தயிர்சாதம் தவிர வேறெதுவும் பூனைக்குக் கொடுத்தறியாத வீடு. டின்னில் இருப்பது என்ன இறைச்சி என்று அவள் படிக்கவில்லை. "மருந்துக்கு தோஷம் கிடையாதுன்னா" என்றாள்.

முதல் மூன்று நாள் கிட்டு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கோவிலுக்குப் போகும் நேரத்தில் பத்ரிநாத்தின் காலடியில் வந்து உட்கார்ந்து அவரையே பார்த்தது. நான்காம் நாள் அவர் சந்தைக்குப் போய், சலீமின் மீன்கடைமுன் வெகுநேரம் எலுமிச்சம்பழம் பார்ப்பவர்போல நின்றார். சலீம் ஒன்றும் கேட்கவில்லை. நெத்திலிக் கருவாட்டை மூன்று காகிதத்தில் சுற்றி, "பண்டிட்ஜி கா பார்சல்" என்று நீட்டினான். மொட்டைமாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில், தினம் நாலு நெத்திலி. அதைத் தின்ற பிறகு கிட்டு கீழே இறங்கி டின் உணவையும் நக்கித் தீர்த்தது. "பழக்கிட்டேன் பாத்தேளா" என்றாள் சாவித்ரி. அந்த மாலைகளில் வெள்ளைப் புடவைகள் காற்றில் ஏறி இறங்க, பூனை கண்மூடி மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கென்று இருந்த ஒரே பொழுது அதுதான்.

கிளினிக்கில் மறுபடி மயக்க ஊசி, மறுபடி குழாய். கிட்டு பாதிக் கண் திறந்து கிடந்தது. டாக்டர் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துத் திரையில் காட்டினார். பத்ரிநாத் குனிந்து பார்த்தார். நீலவெளியில் சின்னச் சின்னக் கண்ணாடி வீடுகள், சரிந்த கூரையும் கூர்முனையுமாக, மெல்ல மிதந்து போயின. ஒன்றோடொன்று மோதாமல் போயின. ஏதோ ஒரு வீட்டில் விளக்கு எரிவதுபோலக்கூட இருந்தது. இத்தனை அழகாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அறையின் சத்தங்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டன.

டாக்டர் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். உணவில் கரையவேண்டிய ஜாதிப் படிகம்தான், ஏன் கரையவில்லை என்று தெரியவில்லை. இன்னொரு முறை அடைத்தால் தாங்காது. சிறுநீர்ப் பாதையையே அகலப்படுத்தி ஆபரேஷன் செய்யவேண்டியதுதான். ஆனால் இதயத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. அவ்வளவு நேர மயக்கத்திலிருந்து எழுந்திருக்குமா என்று சொல்லமுடியாது.

"வேற எதாவது திங்குதா ஆன்ட்டி? யோசிச்சுச் சொல்லுங்க."

"நஹீ டாக்டர்! ஏக் தானா பீ நஹீ." ஒரு பருக்கைகூட இல்லை. சாவித்ரியின் குரலில் ஆறு வாரத்துப் பெருமை இருந்தது.

டாக்டர் ஒப்புதல் தாளை மேஜையில் வைத்தார். சாவித்ரி பேனாவை வாங்கிக்கொண்டாள். பத்ரிநாத் கிட்டுவின் காதைத் தொட்டார். சூடில்லாத காது.

"சூக்கி மச்லி" என்றார்.

டாக்டருக்குக் கேட்கவில்லை. பத்ரிநாத் இன்னொரு முறை சொன்னார். "உலர்ந்த மீன். நான்தான். தினம் நாலு. சில நாள் ஆறு."

பேனா தாளில் படாமல் நின்றது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். "அரே அங்கிள்! உப்பும் தாதுவும் மூட்டையா உள்ள போனா அது எப்படிக் கரையும்? நீங்க சொன்னது நல்லதாப் போச்சு." தாளை எடுத்து இழுப்பறையில் போட்டார். ஆபரேஷன் இப்போது வேண்டாம். மூன்று நாள் இங்கே இருக்கட்டும். அதன்பிறகு ஆறு வாரம் சுத்தமான பத்தியம். கரைந்தால் பிழைத்தது.

ஆட்டோ ஆளந்தி ரோட்டில் ஊர்ந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. காலிக் கூடை சாவித்ரியின் மடியில். கூடையின் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் முடியை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் வண்டி நின்றது. முன்கண்ணாடியில் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து வழிந்தன. திட்டுவாள் என்று பத்ரிநாத் காத்திருந்தார். திட்டிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

சிக்னல் மாறியது. அவள் அவர் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில், கிட்டத்தட்ட ஆசையாக என்று சொல்லும்படி கேட்டாள்.

"ஏன்னா, நீங்களும் தின்னு பாத்தேளா?"