நாலு பக்கப் புகார்

என் அண்ணன் இரவு பஸ் ஓட்டுகிறவன். காலை எட்டு மணிக்குப் படுத்தால் பிற்பகல் மூன்று வரை கும்பகர்ணத் தூக்கம். அண்ணிக்கு வேலை வீட்டிலேயே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீடியோக்களில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருப்பதால், அவளுடைய லேப்டாப்புக்குக் குடும்ப டாக்டர் நான்தான்.

போன வருஷம் ஓர் அவசர வேலைக்கு நடுவே, அவளுடைய பழைய சிஸ்டம் ‘அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அழாத குறையாக என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கே அதை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

“சும்மா குடுக்கறாங்களா? அப்ப எங்கயோ இடிக்குதே” என்றாள்.

“ஒரு மாசம் வச்சுப் பாருங்க அண்ணி. பிடிக்கலன்னா மாத்திடலாம்.”

ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது லேப்டாப்பையே தொட விடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை எதையும் அடிக்கச் சொல்லக்கூடாது. “ஒரு எழுத்து தப்பாப் போனா வீட்டுக்கே கரண்டு போயிடும்போல இருக்கு” என்பாள். மற்றபடி எல்லாம் பழகிவிட்டது. பிரிண்டர் விஷயத்தில் மட்டும் தனிப் பெருமை. பழைய சிஸ்டத்தில் அரைநாள் மல்லுக்கட்ட வைத்த அதே பிரிண்டர், இதில் வயரைச் சொருகியதுமே வேலை செய்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்வாள்.

அன்று எனக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, மேல்மாடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று சுத்தியல் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரி தோல் பை தைப்பவள். பைகளில் பித்தளைக் குமிழ் அடிக்கும் சத்தம் அது.

“ஒரு மாசமா இதே கூத்து. உங்கண்ணன் தூங்க வேணாமா? வீட்டு ஓனருக்குப் புகார் எழுதப்போறேன்” என்றாள் அண்ணி.

“மேல போய் நேர்ல ஒரு வார்த்தை சொல்லலாமே அண்ணி?”

“நேர்ல பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டுட்டு இறங்கி வந்துடுவேன். எழுத்துன்னாத்தான் எனக்குக் கோவமே வருது.”

கடிதம் தயாரானது. பிரிண்ட் பொத்தானை அழுத்தினாள். காகிதம் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் கடிதத்தைத் திரும்பப் படித்து, இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து, மறுபடி அழுத்தினாள். அப்போதும் வரவில்லை. மேலே ஒரு ‘டொக்’. இன்னும் கொஞ்சம் காரம். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எதுவும் தெரியாது. நாலாவது முறை அழுத்திய கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் சட்டென்று நின்றது.

“பாத்தியா, எழுதினதுக்கே நின்னுடுச்சு!” என்று சிரித்தாள் அண்ணி.

பிரிண்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கப் போனேன். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அண்ணன் தன் செல்போனைச் சார்ஜில் போட்டிருந்தான். அப்படியானால் நாலு கடிதமும் எங்கே போயின? லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். பட்டியலில் எங்கள் பிரிண்டரே இல்லை. அதற்குப் பதில் வேறு ஏதோ ஒரு பிரிண்டரின் பெயர் இருந்தது. அதற்கு நேராக ‘முடிந்தது’ என்று நாலு வரி.

அப்போதுதான் உறைத்தது. போன வாரம்தான் வீட்டு ஓனர் கட்டடம் முழுவதுக்கும் ஒரே வைஃபை போட்டிருந்தார். ஒரே வைஃபையில் எந்த பிரிண்டர் இருந்தாலும், லினக்ஸ் யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

“அண்ணி, மேல்வீட்டுல பிரிண்டர் இருக்கா?”

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

பசைக்கறை படிந்த ஏப்ரனோடு மேல்வீட்டுக்காரி நின்றாள். கையில் நாலு காகிதம்.

“இது உங்களோடதுதானே?”

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. “அது வந்து... சாப்பிட்டீங்களா?”

“முதல் பக்கத்துல நான் ‘மதிப்பிற்குரிய மேல்வீட்டுப் பெண்மணி’. ரெண்டாவதுல ‘மேல்வீட்டுக்காரர்’. மூணாவதுல ‘அந்தப் பெண்’. நாலாவதுல ‘அது’.” அவள் கடுகடுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ‘அது’ என்றபோது அவளுக்கே உதடு துடித்தது. “கால் மணி நேரத்துல இவ்ளோ கீழ இறங்கிட்டேனா?”

முதலில் சிரித்தது நான்தான். அடக்க முடியவில்லை. பிறகு அவளும் சிரித்தாள். அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, அண்ணன் போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்தான். “என்ன ஆச்சு? ஏன் மேல சத்தத்தையே காணோம்? முழிப்பு வந்துடுச்சு.”

“உங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு...” என்று மேல்வீட்டுக்காரி இழுத்தாள்.

“எனக்கா? ராத்திரி பூரா இஞ்சின் சத்தத்துலயே இருக்கறவன். ஏதாவது ஓடிட்டே இருந்தாத்தான் தூக்கம் வரும்” என்று கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பிப் போய்விட்டான்.

அண்ணி கையை எடுத்தாள். “தொந்தரவு எனக்குத்தாங்க” என்றாள் மெல்ல. “வீடியோல மெதுவாப் பேசறவங்க வந்தா ஒரு வார்த்தையும் பிடிபடல. என் கஷ்டத்தைச் சொன்னா யாரு கேப்பாங்கன்னு அவர் தூக்கத்தை இழுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் குமிழை சாயங்காலம் அடிச்சிருப்பேனே. காலையில தையல் வேலை பாத்துக்கலாம், அதுல சத்தமே இல்ல” என்றாள் மேல்வீட்டுக்காரி. பிறகு காகிதங்களைத் தூக்கிக் காட்டினாள். “அது கிடக்கட்டும். நான் ஓடி வந்ததே வேற விஷயத்துக்கு. இந்த பிரிண்டர் ஒரு மாசமா என் கம்ப்யூட்டர் சொல்றதைக் கேக்கவே இல்ல. ரெண்டு பேரை வரவழைச்சுப் பாத்தாச்சு. உங்களுக்கு மட்டும் நாலு பக்கம் சுத்தமா அடிச்சுக் குடுத்திருக்கு. எப்படிங்க?”

அண்ணியின் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே! வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தேய்ந்த கதைக்கு, முதல்முறையாக ஒருத்தி தானே கேட்டு வந்து நிற்கிறாள்.

“அந்த லினக்ஸ் பென்டிரைவை எடு” என்றாள் என்னிடம்.

“நான் வரேன் அண்ணி.”

“நீ டீயைக் குடி. கம்ப்யூட்டர்ல போடறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லயே ஓட்டிப் பாக்கலாம்னு நீதானே சொல்லிக் குடுத்தே? நான் பாத்துக்கறேன்.”

இருவரும் படியேறிப் போனார்கள். அரைமணி நேரம் ஆகியும் ஆளைக் காணாமல் நானும் மேலே போனேன். வெட்டிய தோல் துண்டுகளுக்கு நடுவே இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டர் ஒரு தரம் முனகியது. பை அளவுகளின் பட்டியல் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. மேல்வீட்டுக்காரி அந்தச் சூடான காகிதத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இதுக்கு ஏதாவது கட்டளை அடிக்கணுமாங்க?” என்று கேட்டாள்.

“சேச்சே, ஒண்ணும் வேணாம்” என்றாள் அண்ணி, வாசலில் நின்ற என்னைக் கைகாட்டி. “அடிக்கணும்னா நம்மகிட்ட ஆள் இருக்கு.”