மூக்கின் நுனியில் ஒருத்தி

அந்த மூக்கை வரைந்தவள் நான்தான். 1991இல், புது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எங்கள் மாநிலத்துக்குத் தொகுதி எல்லைகளைப் புதிதாகப் போட்டோம். கிழக்குத் தொகுதியில் மேற்கைவிட இரண்டே பேர் கூடுதல். எங்கள் அதிகாரி டுவைட்டுக்கு அதுவும் ஆகாது.

“பூஜ்யம் வேணும் வெர்னா. கோர்ட்டுல ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது.”

கிழக்கில், ஆற்றோரம், ஒரு கணக்கெடுப்புக் கட்டம் கிடைத்தது. மக்கள்தொகை ஒன்று, பெண். எல்லைக்கோட்டை அந்த வீட்டைச் சுற்றி மூக்குபோல வளைத்து, அவளை மேற்கில் சேர்த்தேன். பூஜ்யம்! பெருமை தாங்காமல் நிருபரிடம் உளறினேன். “ஒத்தைப் பொம்பளைக்காக எல்லைக்கோட்டையே வளைச்சிட்டேன்!” மறுநாள் முதல் பக்கத்தில் மூக்கு.

அன்றே போன் வந்தது.

“அந்த மூக்குல இருக்கிறது நான்தாங்க. லோரீன். என்னை அடிச்சே கொல்லப் பார்த்தவன், என் புருஷன், ரெண்டு வருஷமா தேடுறான். ஆத்தோரம்னு தெரியும், எந்த வீடுன்னு தெரியாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னுதானே கணக்கெடுத்தீங்க?”

அவள் போன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வேறோரிடத்தில் பன்னிரண்டு பேரை மேற்கே தள்ளி, பதினோரு பேரைக் கிழக்கே இழுத்து, அவளைப் பழைய இடத்திலேயே விட்டேன். மூக்கு போயிற்று, பூஜ்யம் நின்றது. பிழைத்தோம் என்று நினைத்தேன், முட்டாள்.

வியாழக்கிழமை ஒருவன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ரொம்ப மரியாதை.

“மேடம், மூக்கு இருந்த பழைய மேப், ரோடு பேரோட வேணும்.”

“எதுக்குங்க?”

“சும்மாதான். அதிர்ஷ்டக்காரப் பொம்பளை, பார்க்கணும்போல இருக்கு.”

பழைய வரைவானாலும் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் சட்டம். நகலெடுக்க இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்கு ஓடினேன். அவசரத்தில் முதல் தடவை தப்பு நம்பர்.

“லோரீன், இங்க வந்துட்டான். கிளம்புங்க.”

“எவ்வளவு நேரம் இருக்கு?”

“இங்கேர்ந்து கார்ல நாப்பது நிமிஷம். நானும் இருபது நிமிஷம் இழுப்பேன்.”

“பை வாசல்லயே இருக்கு. சாவியை எங்க வச்சேன்னுதான்...” வைத்துவிட்டாள்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டுவைட் மட்டும் நின்றிருந்தார்.

“பாவம், எதுக்கு அவரைக் காக்க வச்சே? என் மேசையிலயே ஒரு நகல் இருந்துச்சு, கொடுத்தனுப்பிட்டேன்.”

திரும்ப ஓடிப்போய் அவள் எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே, எடுக்காதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.