பேரிக்காய் விஞ்ஞானம்

ஆய்வகத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் 'சர்வம்' என்று பெயர். சர்வமும் தெரிந்தவர் என்பதால் அல்ல. தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வதால். அணுக்கரு எப்படி இருக்கும் என்பதை எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. ஆனால் சில அணுக்கருக்கள் சும்மா இருக்காமல் ஆல்ஃபா துகள்களைத் துப்பும். அவற்றைக் கடுங்குளிரில் உறையவைத்து, காந்தத்தால் ஒரே வரிசையில் நிறுத்தி, எந்தத் திசையில் அதிகம் துப்புகின்றன என்று எண்ணினால் உருவம் பிடிபடும். எண்ணுவது, அவரிடம் ஆய்வாளராக இருந்த அவள் வேலை. அறிவிப்பது சர்வத்தின் வேலை.

இந்த முறை மேல்பக்கம் வைத்த எண்ணும் கருவியில் துகள்கள் அதிகம், கீழ்ப்பக்கம் வைத்ததில் குறைவு. அவள் சரிபார்ப்பதற்குள், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருவம் என்று சர்வம் நிருபர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் பத்திரிகையில் 'அணுவுக்குள் பேரிக்காய்!' என்று தலைப்பு. பக்கத்தில் அவருடைய சிரித்த முகம், கிட்டத்தட்ட அதே வடிவத்தில்.

வீட்டில் அவள் மாமனாருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"எதிர்வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்மா. கன்னு கிடைச்சா அவருக்கும் ஒண்ணு வேணுமாம்."

"மாமா, அது தோட்டத்துப் பேரிக்காய் இல்ல."

"தெரியும்மா, புது ரகம்!"

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோடானுகோடி அணுக்கருக்கள். காந்தம் அவற்றை நிமிர்த்தி நிறுத்துமே தவிர, தலை எந்தப் பக்கம் என்று பார்க்காது. அவை பேரிக்காயாகவே இருந்தாலும், பாதி மேலே தலைவைத்தும் பாதி கீழே தலைவைத்தும்தானே கிடக்கும்? மொத்தத்தில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரவேண்டும். சமமாக வரவில்லை என்றால் கோணல் அணுவில் இல்லை.

காலையில் அதையே சர்வத்திடம் சொன்னாள்.

"நீ கணக்கைப் பார்க்கிறம்மா, நான் இயற்கையைப் பார்க்கிறேன்" என்றார்.

அவள் குளிர்கலத்தைத் திறந்து, மேல் கருவியைக் கீழேயும் கீழ் கருவியை மேலேயும் மாற்றிப் பொருத்தி, மறுபடி எண்ணினாள். இப்போது கீழ்ப்பக்கத்தில் அதிகம். சர்வத்தை அழைத்துவந்து திரையைக் காட்டினாள்.

அவர் தாடையைத் தடவினார். "அப்போ அணுக்கரு திரும்பிப் படுத்திருக்கு."

"எல்லாமுமா சார்? ஒண்ணு விடாமலா?"

"இயற்கைக்கு ஒரு ஒழுங்கு இருக்கும்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கே வைத்தாலும் அதிகம் எண்ணிய அந்தக் கருவியைக் கழற்றினாள். அடியில் இருக்க வேண்டிய உலோக வளையம் இல்லை. அதனால் அந்தக் கருவி, உறையவைத்த அணுக்கருக்களுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, பங்குக்கு மேல் வாரிக்கொண்டிருந்தது. கடைசியாக அதைக் கழற்றி மாட்டியவர் யார் என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. சோதனை தொடங்குமுன், போன வாரம் விருந்தினர்களுக்குக் கையில் எடுத்துக் காட்டியவர் அவரேதான். சர்வம் தன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.

"இதுவா? ஏதோ வாஷர்னு நினைச்சேன்."

வளையம் போட்டு எண்ணியதில் மேலும் கீழும் சமம், பக்கவாட்டில்தான் குறைவு. இரு முனைகளிலும் நீண்ட பந்து. பேரிக்காய்க்கு அங்கே ஆதாரமே இல்லை.

மறுப்பறிக்கையை சர்வமே எழுதினார். 'முந்தைய முடிவு மேலும் மெருகேற்றப்பட்டுள்ளது' என்றிருந்தது. அவள் அதை அடித்து, 'தவறு' என்று எழுதி நீட்டினாள்.

"இவ்வளவு பச்சையா வேணுமாம்மா?"

"இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க சார். வளையம் எங்க இருந்துச்சுன்னு நான் தனியா எழுதிக்கிறேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், கையெழுத்துப் போட்டார். பேரிக்காய்க்கு முதல் பக்கம் கொடுத்த பத்திரிகை, மறுப்பை ராசிபலனுக்குக் கீழே ஒண்டவைத்தது. அவள் அதைப் படித்தாள். ஒரு சொல்லும் குறையவில்லை. போதும் என்றிருந்தது; அன்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.