டோரதி எதற்குச் சம்மதித்தாள்

தொம்மலூரில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கதவருகே ஒரு திங்கட்கிழமை காலை புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வீட்டு வேலை செய்பவர்களும் சாமான் கொண்டுவருபவர்களும் இனிமேல் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கு மட்டும். கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கடசுப்ரமணியனின் கையெழுத்து.

அங்கே வீட்டு வேலைக்கு வரும் வேதநாயகி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத் தமிழும் கன்னடமும் வாசிக்க வரும்; அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கம்போல லிஃப்டுக்குள் போய் நின்றாள். செக்யூரிட்டி நாணு ஓடிவந்து கதவைக் கையால் மறித்துக்கொண்டு, செயலாளரின் உத்தரவைக் கன்னடத்தில் சொன்னான். அவனுக்கும் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

வேதநாயகி அசையவில்லை. “என்னைத் தூக்கி வெளிய வைக்கப் போறியா? வையி, பாக்கலாம்,” என்று தமிழிலேயே சொன்னாள். நாணுவுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டான். ஆனால் கதவு மூடுவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிட்டான். ஐந்தாவது மாடி டோரதி மேடமே இதற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், செயலாளர் சொன்னாராம்.

அந்தக் கட்டடத்தில் வேதநாயகி நாலு வீடுகளில் வேலை செய்தாள். அவற்றில் அதிக வருஷமாக வருவது டோரதியின் வீட்டுக்குத்தான். டோரதிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்குப் படுத்தவள் அவள். அந்தத் திங்கட்கிழமை லிஃப்டில் மேலே வந்தவள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, சமையல் மேடையைத் துடைத்து முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்களும் சரின்னு எழுதிக் குடுத்தீங்களாமே அக்கா?”

டோரதிக்கு முதலில் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்றே விளங்கவில்லை. விளங்கியதும், தான் அப்படி எதுவும் எழுதவில்லை என்று அடித்துச் சொன்னாள். வேதநாயகி “சரிக்கா” என்றாள். நம்பினாள் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு “சரிக்கா”. அவள் போன பிறகும் அது டோரதியின் காதில் இருந்தது.

டோரதி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை வைத்தே முப்பது வருஷம் பிழைத்தவள். அன்று மத்தியானமே இரண்டாவது மாடிக்கு இறங்கிப்போய் வெங்கடசுப்ரமணியனின் மணியை அடித்தாள்.

அவர் மரியாதையான மனிதர். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, விளக்கமாகச் சொன்னார். பார்சல் கொண்டுவரும் ஆட்கள் கதவைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, வயதானவர்கள் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போகிறார்கள். இதெல்லாம் அவராக எடுத்த முடிவும் இல்லை. பழைய செயலாளர் ராஜேஷ்குமார் பொறுப்பை ஒப்படைத்தபோது கொடுத்த கோப்பிலேயே, லிஃப்ட் உபயோகம் பற்றி உறுப்பினர்களின் சம்மதம் இருக்கிறது. போனில் அதைத் திறந்து அவளிடம் நீட்டினார். 2015 ஜூலையில் டோரதியின் முகவரியிலிருந்து போன மெயில். பொருள் என்ற இடத்தில் ‘லிஃப்ட் விஷயம்’. உள்ளே ஒரே சொல்: ‘சம்மதம்’. கீழே அவள் பெயர்.

“நீங்களே எழுதினது மேடம். நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை,” என்றார் வெங்கடசுப்ரமணியன்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றாமல் படியேறினாள். நாலாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்றபோது, நாலு வீட்டுக்கும் ஏறி இறங்கும் ஒருத்தியின் முழங்கால் என்னவாகும் என்று நினைத்தாள். அதைவிட மோசமான நினைப்பு ஒன்றும் வந்தது. தான் நிஜமாகவே சம்மதித்திருந்தால்?

கணவர் பெர்னார்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் தலையிட வேண்டாம் என்றார். “விட்டுடு டோரதி. நாளைக்கும் இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்.” டோரதி அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அவள் மெயிலைப் போனில் பார்க்கிறவள் அல்ல. ஆபீஸ் பழக்கத்தில், எல்லா மெயிலும் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராமில்தான் வரும், அங்கேயே தங்கும். எதையும் அழிக்க மாட்டாள். மேலே இருந்த தேடும் பெட்டியில் ‘லிஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தாள். வந்ததெல்லாம் போன வருஷத்து மெயில்கள். 2015 என்ற வருஷமே நடக்காததுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அந்தப் பெட்டி திறந்திருக்கும் ஃபோல்டருக்குள் மட்டும் தேடுகிறது. கம்ப்யூட்டரை மாற்றியபோது பழைய மெயில்களையெல்லாம் தனி ஃபோல்டரில் கொண்டுவந்து போட்டிருந்தாள். மெனுவில் இருந்த விரிவான தேடலைத் திறந்து, அந்தப் பழைய ஃபோல்டரையும் அதன் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்துக்கொண்டு மறுபடி தேடினாள். இப்போது நூற்றுக்கணக்கில் கொட்டியது. லிஃப்ட் ரிப்பேர், லிஃப்ட் சுத்தம் செய்தல், லிஃப்டில் யாரோ குடையை விட்டுப்போனது. பத்துப் பதினைந்து திறந்து பார்த்ததிலேயே கண் வலித்தது.

தன்னுடைய ‘சம்மதம்’ மட்டும் சுலபமாகக் கிடைத்தது. எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்பது அதில் இல்லை. அந்தக் காலத்தில் அவள் வந்த மெயிலுக்கே பதில் எழுதாமல், ஒவ்வொரு முறையும் புது மெயிலாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். அதனால் கேள்வியும் பதிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவில்லை.

‘வேலைக்காரி’ என்று தேடினாள், ‘வீட்டு வேலை’ என்று தேடினாள், ‘படிக்கட்டு’ என்று தேடினாள், எல்லாம் ஆங்கிலத்தில். ஒன்றும் பொருந்தவில்லை. க்ளெய்ம் பிரிவில் இருந்தபோது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேப்பர் காணாமல் போனால், தான் அதை என்னவென்று சொல்வேன் என்று யோசிக்க மாட்டாள். எழுதியவர் என்னவென்று சொல்லியிருப்பார் என்று யோசிப்பாள். ராஜேஷ்குமார் எதற்கும் பெரிய வார்த்தை போடுகிறவர். லிஃப்டை அவர் ‘எலிவேட்டர்’ என்றுகூட எழுதியிருக்கலாம், ‘வெர்ட்டிகல் வசதி’ என்றுகூட எழுதியிருக்கலாம். அவருடைய வார்த்தையை ஊகித்து மாளாது. ஆனால் அவருடைய பெயரை ஊகிக்க வேண்டியதில்லையே.

வார்த்தைகளையெல்லாம் அழித்தாள். அனுப்பியவர் ராஜேஷ்குமார் என்று வைத்தாள். தேதியை 2015 ஜூன் முதல் டிசம்பர் வரை என்று அடைத்தாள். பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. தேதி வரிசையில் அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

ஜூலை மாத மெயில் ஒன்றில் அவள் நின்றாள். பொருள் ‘நவீனமயமாக்கல்’. ஒரு எலிவேட்டரைக் கழற்றிப் புதிதாக மாட்டப்போகிறோம், அதுவரை ஒன்றுதான் ஓடும், ஆகையால் குடியிருப்போரும் வீடுகளில் பணிபுரிவோரும் தயவுசெய்து படியேறிச் செல்லவும், நோயாளிகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் எலிவேட்டரை விட்டுவைக்கவும், சம்மதமா என்று கேட்டிருந்தார்.

குடியிருப்போரும். டோரதி அந்தச் சொல்லை மறுபடி வாசித்தாள். அந்த மழைக்காலத்தில் பெர்னார்டும் அவளும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக நின்று நின்று ஏறியது இப்போது ஞாபகம் வந்தது. வேதநாயகியும் கூடத்தான் ஏறினாள். எல்லோரும் ஏறினார்கள்.

அதோடு அவள் விடவில்லை. ஏற்பாடு முடிந்ததைச் சொல்லும் மெயிலும் கைக்கு வேண்டும். இல்லாவிட்டால், அது இன்றும் நடப்பில் இருக்கிறது என்று வெங்கடசுப்ரமணியன் சொல்வார். பட்டியலில் கீழே இறங்கினாள். செப்டம்பரில் ‘நல்ல செய்தி’ என்று ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. மூடப் போனவள், ஓரத்தில் இணைப்பு இருப்பதற்கான அடையாளத்தைப் பார்த்தாள். அது ஒரு போட்டோ. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு லிஃப்டும் ஓடத் தொடங்கிவிட்டன, தற்காலிக ஏற்பாடு இன்றோடு முடிகிறது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. போட்டோவுக்குள் இருந்த எழுத்தை எந்தத் தேடலும் படித்திருக்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

மறுநாள் காலை வேதநாயகி வந்ததும் டோரதி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, இரண்டையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். தன் பெயர் சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு. வேதநாயகி முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அப்போ எழுதினது சரிக்கா. இப்போ என்ன எழுதப் போறீங்க?”

டோரதி அதை யோசித்திருக்கவில்லை. செயலாளருக்கு மட்டும் ஒரு விளக்கம் அனுப்பலாம் என்றிருந்தாள். வேதநாயகி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோரதி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லா உறுப்பினர்களுக்கும் எழுதினாள். பழைய மெயில்கள் இரண்டையும் இணைத்தாள். 2015-இல் தான் சம்மதித்தது எல்லோரும் சேர்ந்து படியேறுவதற்கு, ஒரு சிலரை மட்டும் ஏறவைப்பதற்கு அல்ல. இந்த விதியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும். தன் வீட்டுக்கு வருகிறவர்கள் லிஃப்டில்தான் வருவார்கள், யாராவது மறித்தால் தானே கீழே வந்து கூட்டிவருவாள்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அதையும் தமிழில் சொன்னாள். வேதநாயகி தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலத்துக்குள் வெங்கடசுப்ரமணியனின் பதில் வந்தது. பழையதைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருந்துகிறார். ஆனால் இன்றைய பிரச்சினைக்கு இன்று முடிவெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அந்த வாரம் முழுவதும் வேதநாயகி லிஃப்டில்தான் ஏறினாள். நாணு அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவான். படியேறத் தொடங்கியிருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் லிஃப்டுக்குள் வந்தார்கள்.

கூட்டம் தரைத்தள ஹாலில் நடந்தது. பெர்னார்ட் வர மாட்டார் என்றுதான் டோரதி நினைத்தாள்; வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது மாடி ஆஞ்சலா முன் வரிசையில் இருந்தாள். டோரதியும் அவளும் பல வருஷமாக ஒரே ஆட்டோவில் ஞாயிறு காலை சர்ச் பூசைக்குப் போகிறவர்கள். கூட்டம் தொடங்கும் நேரத்தில் வேதநாயகியும் கட்டடத்தில் வேலை செய்யும் மற்ற பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். டோரதி அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள்.

இது உறுப்பினர்கள் கூட்டம், அவர்கள் வெளியே இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்.

“வெளியதான் சார் நிக்கறோம். கதவ மட்டும் மூடாதீங்க,” என்றாள் வேதநாயகி. எழுந்து போய்க் கதவை மூட யாரும் முன்வரவில்லை.

வெங்கடசுப்ரமணியன் தன் பக்கத்தைப் பொறுமையாகச் சொன்னார். பழைய மெயிலை முழுசாகப் பார்க்காமல் அறிவிப்பு ஒட்டியது தப்பு என்று ஒத்துக்கொண்டார். இந்த விதி வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தனக்கு மெயில் அனுப்பினால் போதும், எண்ணிச் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் சங்கடம் இருக்காது என்றார். நிறையப் பேர் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

டோரதி எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“மெயில் வேண்டாம் சார். என் மெயில் எங்க போய் நின்னுச்சுன்னு பாத்தோம். வேணும்ங்கறவங்க இங்கயே கை தூக்கட்டும். வாசல்ல நிக்கறவங்க பாக்கட்டும். இத்தனை வருஷமா நம்ம வீட்டுச் சாவிய அவங்க கைல குடுத்துட்டுப் போறோம். இதைச் சொல்ல மட்டும் மறைவு எதுக்கு?”

வெங்கடசுப்ரமணியன் சற்று யோசித்தார். பிறகு, அப்படியே செய்யலாம் என்று சொல்லித் தன் கையை முதலில் தூக்கினார். அதை டோரதி பின்னால் பலமுறை மெச்சியிருக்கிறாள். தரைத்தளத்தில் குடியிருப்பவரும் லிஃப்டே தேவைப்படாதவருமான ஒருவர் கை தூக்கினார். ஆஞ்சலா வாசல் பக்கம் திரும்பாமல் பாதிக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். வேண்டும் வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்னார்டும் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கை கீழேயே இருந்தது. அது போதும் என்றிருந்தது டோரதிக்கு.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குப் பின்பக்க லிஃப்டை ஒதுக்கலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். எது முதலில் வருகிறதோ அதில்தான் ஏறுவோம் என்று வாசலிலிருந்து வேதநாயகி சொன்னாள். அந்தப் பேச்சும் அதோடு நின்றது. பார்சல் ஆட்கள் கதவைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மட்டும் முடிவெழுதிக் கூட்டம் கலைந்தது.

அடுத்த ஞாயிறு டோரதி ஆட்டோவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டருகே காத்திருந்தாள். ஆஞ்சலா வரவில்லை. முன்னாலேயே போய்விட்டாள் என்று நாணு சொன்னான். பூசை முடிந்து வெளியே வரும்போது இருவரும் எதிரெதிரே வந்தார்கள். ஆஞ்சலா பையில் எதையோ தேடுவதுபோல நின்றுவிட்டாள். டோரதிக்கு வலித்தது. பெர்னார்ட், நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பிக்கவில்லை. அதற்கு அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அந்த வாரம் ஒரு நாள் வேதநாயகி வந்ததும் வராததுமாக ஒரு விஷயம் சொன்னாள். அவள் லிஃப்டில் ஏறியபோது ஆஞ்சலாவும் கீழே கதவுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறாள். உள்ளே வேதநாயகியைப் பார்த்ததும், நீ போ, நான் அடுத்ததில் வருகிறேன் என்றாளாம். வேதநாயகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“நாலு பேர் போற எடம் இருக்கு, வாங்கம்மான்னேன். வந்துட்டாங்க. மூணாவது மாடி நானே அமுக்கினேன்.”

ஏதாவது பேசினாளா என்று டோரதி கேட்டாள். இல்லை, இறங்கும்போது சும்மா தலையசைத்தாள் என்றாள் வேதநாயகி. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். டோரதி ஆஞ்சலாவுக்குப் போன் செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, செய்வதானால் அவள்தான் செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, போனைக் கீழே வைத்துவிட்டு, பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள்.