புழு தின்னாத செடி

எங்கள் கண்ணாடிக் கூடத்தின் வாசலில் பிரஷும் கையுமாக நிற்பவள் நான். பிரஷ் அக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளே வளர்வது தக்காளி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செடியைக் கடித்த புழுவின் கதை அதோடு முடிந்தது. மருந்தே அடிக்க வேண்டாம். மனிதர் தின்றால் ஒன்றும் ஆகாதா என்று, இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா வருடக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அனுமதி வரும்வரை ஒரு விதைகூட வெளியே போகக் கூடாது. போனது தெரிந்தால் ஆராய்ச்சியையே இழுத்து மூடிவிடுவார்கள்.

அதனால்தான் வெளியே வருகிறவர்களின் சட்டைக் கை, பேண்ட் மடிப்பு, செருப்பின் அடி எல்லாவற்றையும் பிரஷால் தட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் முறைத்தார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தாலும் காலைத் தூக்குங்க சார்" என்றேன். தூக்கினார்.

வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. மாமனார் போன பிறகு அத்தை வாயையே திறக்காமல் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், திரும்ப அறைக்குள் போய்விடுவார். பால்கனியில் சும்மா கிடந்த மண் தொட்டியில் ஒரு தக்காளி தானாக முளைத்த பிறகுதான் மாறினார். தண்ணீர் ஊற்றினார், குச்சி நட்டார், எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுத்ததும் அவர்களுக்கு ரெண்டு பழம் தருவதாகச் சொல்லியும் வைத்தார். அவர் குரலைக் கேட்டு எங்களுக்குத்தான் உயிர் வந்தது.

காய்கள் சிவக்கத் தொடங்கிய வாரம், துணி காயப்போடப் போனேன். நான் வாங்கி வைத்த மிளகாய்ச் செடியைப் புழு அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. பக்கத்திலேயே தக்காளி, ஒரு இலையில்கூட ஓட்டை இல்லாமல் நின்றது.

"எப்படி அத்தை இது மட்டும் தப்பிச்சுது?"

"எல்லாம் கை ராசிதான்" என்று சிரித்தார் அத்தை.

நான் அண்ணாந்து பார்த்தேன். தொட்டிக்கு நேர் மேலே கொடிக்கயிறு. அதில்தான் தினமும் என் வேலை உடுப்பை உதறிப் போடுகிறேன். ஊரையே பிரஷ் போட்டு அனுப்புகிற எனக்கு யார் பிரஷ் போட்டார்கள்? எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டிவிட்டு அப்படியே கிளம்பி வந்துவிடுவேன். இத்தனை வருடத்தில் எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

சொன்னால் என் வேலை போகும், டாக்டரம்மாவின் உழைப்பும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பழம் எதிர்வீட்டுக் குழந்தைகளின் வாய்க்குப் போகும். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. மறுநாள் காலை, அத்தையை என் வீட்டுக்காரர் கண் டாக்டரிடம் கூட்டிப்போன நேரத்தில், செடியை வேரோடு பிடுங்கினேன். காய், பூ, உதிர்ந்த இலை, தொட்டி மண் எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் பைக்குள் பை போட்டுக் கட்டி, கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு இலையைக் கசக்கி மருந்துத் தண்ணீரில் போட்டு, அதில் சோதனைப் பட்டையை நனைத்தார். இரண்டு கோடு விழுந்தால் எங்கள் செடி. ஒன்றுதான் விழுந்தது. வேறொரு இலையை எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுதான்.

"நம்மளது இல்லக்கா. கடைத் தக்காளி. சமையக்கட்டுல கழுவுன தண்ணிய யாராவது தொட்டியில ஊத்தியிருப்பாங்க." நாற்காலியில் சாய்ந்து, போன உயிர் திரும்பி வந்ததுபோல் சிரித்தார். பிறகுதான் மேசைமேல் இருந்த மூட்டையைப் பார்த்தார். "ஆமா, ஒரு இலை கொண்டுவந்தா போதுமே. எதுக்கு முழுச் செடியையும் பிடுங்குனீங்க?"

மூட்டைக்குள் பார்த்தேன். திணித்ததில் தண்டு முறிந்து நசுங்கியிருந்தது. காயையாவது எடுத்துப் போகச் சொன்னார். உள்ளே வந்த எதுவும் அப்படியே வெளியே போகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். எல்லாவற்றையும் என் கையாலேயே, செடிக் கழிவை வேகவைத்து அழிக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

வீட்டுக்குப் போனால் அத்தை காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தையல் பெட்டியிலிருந்து புருவம் எடுக்கும் சின்ன இடுக்கியைக் கொண்டுவந்தார்.

"புழு வராத செடின்னா நெனச்ச? நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே இதால ஒவ்வொண்ணா பொறுக்கிப் போட்டேன். பாத்தா நீ கேலி பண்ணுவியோன்னு சொல்லல."

"மிளகாய அப்படியே விட்டுட்டீங்களே அத்தை?"

"அது நீ காசு குடுத்து வாங்குனது. இது தானா என்னத் தேடி வந்துச்சு."

அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இரவு சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தார். பேசாமல் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். பழையபடி ஆகிவிட்டதோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கூடத்தில், கிளம்பும்போது டாக்டரம்மாவின் கையில் பிரஷைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். அவரும் தலை முதல் கால்வரை தட்டிவிட்டுத்தான் விட்டார். அந்த நிம்மதியோடு வீட்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தது அத்தை. அவருக்குப் பின்னால் பால்கனித் தொட்டியில் நிரப்பிய புது மண் ஈரமாக இருந்தது. அத்தையின் கையில் துணி தேய்க்கும் பிரஷ். நிலைப்படியிலேயே என்னை நிறுத்தினார்.

"நாலு விதை போட்டிருக்கேன். நாளைக்கு மொளைச்சா உன்னோடதுன்னு தூக்கிட்டுப் போயிடுவ" என்றார். "காலைத் தூக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன்.